கில்கிட் முதல் குன்னூர் வரை

நுழையும்முன்

அளவால் சிறியது ஆற்றலால் பெரியதாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் உடலிலேயே சான்று உண்டு. கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்திருக்கும் தைராய்டு சுரப்பியே அது. அச்சுரப்பி இயங்குவதற்கு அயோடின் என்னும் தனிமம் இன்றியமையாதது. எழுபது ஆண்டுகள் வாழும் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதற்கும் உண்ண வேண்டிய அயோடினை ஒருங்கே திரட்டினாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. ஆயினும் அச்சிற்றளவும் கிடைக்காத நிலப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக மக்கள் பட்ட துன்பம் பெரிது. அத்துன்பத்தின் காரணத்தைத் தேடிப் பனிமலைப் பள்ளத்தாக்குகளில் அலைந்து, பின்னர் நம் நீலகிரி மலையில் ஓர் ஆய்வகத்தை வளர்த்தெடுத்த மருத்துவர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எல்லைப்புற மருத்துவர்

அயர்லாந்துத் தீவின் வடபகுதியில் ஆர்மா என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே லினன் துணி நெசவுக்குப் பெயர்பெற்ற போர்ட்டடவுன் என்னும் ஊரில் 1878ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் இராபர்ட் மெக்காரிசன் பிறந்தார். பெல்பாஸ்ட்டிலும் டப்ளினிலும் மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, தம் இருபத்து மூன்றாம் பிறந்தநாளன்று இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

வந்தவருக்குக் கிடைத்த பணியிடம் எளிதானதன்று. இந்துகுஷ் மலைத்தொடரின் மடியில் கிடந்த சித்ரால் பகுதியில், எல்லைக் காவலில் நின்ற படைப்பிரிவுக்கு அவர் மருத்துவராக அனுப்பப்பட்டார். இன்று அப்பகுதி பாகிஸ்தானில் உள்ளது. குளிர்காலத்தில் கணவாய்கள் பனியால் அடைபட்டுவிடும். நூலகம் இல்லை, கலந்து பேச உடன் மருத்துவரும் இல்லை. இத்தகைய தனிமையில் பலர் சோர்ந்துபோவர். மெக்காரிசனோ, தம் கண்முன் தோன்றிய ஒவ்வொரு நோயையும் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். கோடைதோறும் வீரர்களைத் தாக்கி மூன்று நாள்களில் தணிந்துவிடும் ஒருவகைக் காய்ச்சலை நுணுகி ஆராய்ந்து, அது மணல் ஈக்களால் பரவுவது எனக் கண்டார். அவருடைய முதல் பெயர் சொல்லும் ஆய்வு அதுவே.

1904ஆம் ஆண்டு அவர் கில்கிட் பகுதியின் மருத்துவ அலுவலராகப் பொறுப்பேற்றார். அங்கே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். அவ்வேழு ஆண்டுகளே அவர் வாழ்வின் திசையை உறுதி செய்தன எனலாம்.

நீர் வழிந்த வழி

கில்கிட் பள்ளத்தாக்கின் தெருக்களில் நடந்த எவருக்கும் முதலில் கண்ணில் பட்டது, மக்களின் கழுத்தில் தொங்கிய கழலையே. சிலருக்கு எலுமிச்சை அளவு. சிலருக்கு மூச்சையே நெருக்கும் அளவு. முன்கழுத்துக் கழலை என இன்று நாம் வழங்கும் இந்நோய் உலகின் மலைநாடுகள் பலவற்றிலும் அந்நாளில் காணப்பட்டது. ஆல்ப்ஸ் மலை, ஆண்டிஸ் மலை, இமயமலை அடிவாரம் என எங்கும் அதன் ஆட்சி பரவியிருந்தது.

இந்நோய்க்கும் அயோடினுக்கும் தொடர்பு உண்டு என்பது மெக்காரிசன் பிறப்பதற்கு முன்பே ஓரளவு அறியப்பட்டிருந்தது. பாரிசு நகர வேதியியலாளர் பெர்னார்டு கூர்த்துவா 1811ஆம் ஆண்டு கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டறிந்தார். ஜெனீவா நகர மருத்துவர் குவாந்தே 1820இல் அதனைக் கழலை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கழலை சுருங்கக் கண்டார். ஆனால் அளவறியாமல் மிகுதியாகக் கொடுத்ததால் நோயாளிகள் சிலர் வேறு துன்பங்களுக்கு ஆளாயினர். அதனால் மருத்துவ உலகம் அயோடினை ஐயத்தோடு நோக்கி ஒதுக்கியது. தைராய்டு சுரப்பியிலேயே அயோடின் உள்ளது என்பதை 1895ஆம் ஆண்டு பவுமான் என்னும் செருமானிய வேதியியலாளர் மெய்ப்பித்த பிறகும் அவ்வையம் முற்றிலும் அகலவில்லை.

மேலும், அது நுண்ணுயிரிகளின் காலம். பாஸ்டரும் காக்கும் நோய் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கிருமி ஒளிந்திருப்பதைக் காட்டி உலகை வியக்க வைத்திருந்தனர். செகந்திராபாத்தில் உரோனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாவின் தடத்தைக் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்காலத்து இளம் மருத்துவர் ஒருவர் புரியாத நோயைக் கண்டால், அங்கே இல்லாத ஒன்றைத் தேடுவதைவிட, இருக்கும் ஒன்றைத் தேடுவதே இயல்பு. உணவில் ஒரு பொருள் இல்லாமையே நோய்க்குக் காரணமாகலாம் என்னும் கருத்து அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. வைட்டமின் என்னும் சொல்லே 1912இல்தான் பிறந்தது.

இந்தப் பின்னணியோடுதான் மெக்காரிசன் செய்த ஆய்வைப் படிக்க வேண்டும். கில்கிட்டில் சிற்றூர்கள் பல ஒரே நீர்க்காலின் கரையில், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. மேலூர் மக்கள் குடித்து, குளித்து, துணி துவைத்து விட்ட நீரே அடுத்த ஊருக்குக் குடிநீராயிற்று. அவ்வாறே கடைசி ஊர்வரை சென்றது. மெக்காரிசன் வீடுவீடாகச் சென்று கழலை உள்ளோரைக் கணக்கெடுத்தார். உச்சியில் இருந்த ஊரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்குக் கழலை இருந்தது. கீழே செல்லச் செல்ல அவ்விழுக்காடு படிப்படியாக உயர்ந்து, கடைசி ஊரில் 45ஐத் தாண்டியது. அருகிலேயே தனி ஊற்றுநீரைக் குடித்த மற்றோர் ஊரில் கழலையே இல்லை. எவ்வளவு தெளிவான கணக்கு! நீரில் கலந்த மாசே நோயைத் தருகிறது என அவர் கருதியதில் வியப்பில்லை.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. கழலை மிகுந்த ஊரின் நீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய வண்டலைச் சேகரித்தார். தாமும் தன்னார்வலர் சிலருமாக அவ்வண்டலை நாள்தோறும் நீரில் கலந்து பருகினர். வேறு சிலருக்கு அதே வண்டல் கொதிக்க வைத்துக் கொடுக்கப்பட்டது. வாரங்கள் சில கடந்தபின், கொதிக்காத வண்டலைப் பருகியோருள் சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கியது. கொதிக்க வைத்ததைப் பருகியோருக்கு வீங்கவில்லை. கிருமியே காரணம் என்னும் அவருடைய முடிவு மேலும் உறுதிப்பட்டது. குடற்கிருமிகளை ஒடுக்கும் தைமால் முதலிய மருந்துகளைக் கொடுத்துக் கழலைக்கு மருத்துவம் பார்த்தார்.

நேர்மையோடும் கடும் உழைப்போடும், தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக் கண்ட அம்முடிவு பெரும்பகுதி பிழையானது. பனியாறுகளும் பெருமழையும் பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மலைகளின் மண்ணிலிருந்த அயோடினை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை. பயிரில் இல்லாதது பாலிலும் இறைச்சியிலும் இல்லை. அடிப்படைக் குறை அங்கே இருந்தது. மாசுற்ற நீர் அக்குறையை ஓரளவு மிகுவிக்கக்கூடும் எனப் பின்வந்தோர் ஒப்பினர். மெக்காரிசனின் கணக்கில் தவறில்லை. அக்கணக்கு எதைக் காட்டியது என்பதில்தான் தவறு நேர்ந்தது. அறிவியல் வரலாற்றைக் கற்பிக்கும்போது வெற்றிகளை மட்டும் வரிசைப்படுத்துவது நம் வழக்கம். இப்பாடத்தில் அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை.

அன்னையரைக் கண்ட கண்

கழலையைவிடக் கொடிய ஒன்றையும் மெக்காரிசன் அப்பள்ளத்தாக்குகளில் கண்டார். செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்ற குழந்தைகள், கால்கள் விறைத்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிபட நடந்த இளைஞர், மாறுகண் கொண்டோர், அறிவு வளர்ச்சி குன்றியோர். சிலர் மிகக் குள்ளமாய், வறண்ட தோலும் உப்பிய முகமுமாய் இருந்தனர். கிரிட்டினிசம் என மருத்துவ உலகம் அழைத்த நிலை இது. ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்களில் இது முன்பே பதிவாகியிருந்தது. ஆனால் சித்ரால், கில்கிட் பள்ளத்தாக்குகளில் இத்தகைய 203 பேரை ஒவ்வொருவராக ஆய்ந்து, 1908ஆம் ஆண்டு மெக்காரிசன் வெளியிட்ட கட்டுரை தனிச்சிறப்பு வாய்ந்தது. நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டோர் ஒரு வகை, சுரப்பிக் குறைவால் உடல் வளர்ச்சி குன்றியோர் மற்றொரு வகை என அவர் பிரித்துக் காட்டினார். முதல் வகையினரே அங்குப் பெரும்பாலோர். இன்றளவும் மருத்துவ நூல்கள் இப்பிரிவினையைப் பின்பற்றுகின்றன.

அவர் குழந்தையை மட்டும் ஆராயவில்லை; அதனை ஈன்ற தாயையும் ஆராய்ந்தார். இக்குழந்தைகளின் அன்னையருள் மிகப் பெரும்பாலோர்க்குக் கழலை இருந்தது. அப்படியாயின் குழந்தையின் குறை, அது பிறந்தபின் நேர்ந்ததன்று, கருவறையிலேயே தொடங்கியது. குறையுள்ள குழந்தை பிறந்தால் ஊழின் மீதும், பல வேளைகளில் அத்தாயின் மீதும் பழி சுமத்துவது உலகெங்கும் இருந்த வழக்கம். நம்மிடையேயும் முற்றிலும் மறைந்துவிட்டது எனக் கூற இயலாது. மெக்காரிசன் அத்தாயைப் பழிக்கு உரியவளாகக் காணாமல், குழந்தையைப் போலவே நோய்க்கு இரையானவளாகக் கண்டார். காரணத்தை அவர் பிழையாக உணர்ந்திருந்தபோதும், தேட வேண்டிய இடம் தாயின் உடல் என்பதைச் சரியாகச் சுட்டினார்.

அவர் சுட்டிய இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை இன்று நாம் விளக்கமாக அறிவோம். கருவிலுள்ள குழந்தைக்கும் தைராய்டு சுரப்பி உண்டு. ஆனால் ஏறத்தாழ மூன்றாம் திங்கள் வரை அது அயோடினைப் பற்றிக்கொள்ளவும் தொடங்குவதில்லை; ஐந்தாம் திங்களை நெருங்கும்போதே போதிய அளவு சுரக்கிறது. மூளையின் அடித்தளமோ அதற்கு முன்பே இடப்படுகிறது. அந்த இடைவெளியில் குழந்தை தன் தாயின் தைராய்டு சுரப்பு நீரையே முற்றும் சார்ந்திருக்கிறது. இருவருக்குமாகச் சுரக்க வேண்டியிருப்பதால் தாயின் சுரப்பி வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உழைக்கிறது. அவ்வுழைப்புக்குரிய அயோடினை அது தன்னுள் சேர்த்துவைத்த இருப்பிலிருந்தே முதலில் எடுக்கிறது. கருவுறுவதற்கு முன்பே அவ்விருப்பு நிறைந்திருந்தால் குறையில்லை. வெற்றிருப்போடு கருவுறும் தாய், தான் கருவுற்றிருப்பதை அறிந்து மருத்துவரிடம் செல்வதற்குள் முதன்மையான வாரங்கள் பல கடந்துவிடுகின்றன.

காலம் எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பின்னாளில் ஓர் ஆய்வு எண்களாலேயே காட்டிற்று. பப்புவா நியூ கினியின் மலைநாட்டில், ஜிமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1966ஆம் ஆண்டு பாரோ என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் குடும்பங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினர்க்கு அயோடின் கலந்த எண்ணெயையும் மற்றொரு பிரிவினர்க்கு வெறும் உப்புநீரையும் ஊசிவழிச் செலுத்தினர். பின்வந்த ஆண்டுகளில் உப்புநீர் பெற்ற தாய்மார்க்குப் பிறந்த 534 குழந்தைகளுள் 26 பேர் கிரிட்டினிசக் குறையோடு இருந்தனர். அயோடின் பெற்றோர்க்குப் பிறந்த 498 குழந்தைகளுள் அக்குறை உடையோர் 7 பேர். அந்த எழுவரைப் பற்றி மேலும் விசாரித்தபோது, அறுவரின் தாய்மார் ஊசி போட்டுக்கொண்ட நாளிலேயே கருவுற்றிருந்தனர் என்பது தெரியவந்தது. அதாவது, கருவுறுவதற்கு முன் கிடைத்த அயோடின் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் காத்தது. கருவுற்றபின் கிடைத்தது அவ்வறுவரைக் காக்கவில்லை. இம்முடிவுகள் 1971இல் வெளியாயின. மெக்காரிசன் அப்போது உயிரோடு இல்லை.

ஒரு நாளைக்குப் பருவம் எய்தியோர்க்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம் என உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்துள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கடலோரத்தில் வாழும் நமக்கு இக்கவலை இல்லை எனக் கருதுவோர் உண்டு. கடல்மீனில் அயோடின் உண்டு என்பது மெய். ஆனால் உப்பளத்தில் கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் இயல்பாக எஞ்சும் அயோடின் மிகச் சொற்பம். அதனால்தான் உப்பில் பொட்டாசியம் அயோடேட்டு தனியே சேர்க்கப்படுகிறது. கல்லுப்பும் இந்துப்பும் இயற்கையானவை என்பதால் அவையே சிறந்தவை என்று இந்நாளில் பலர் நம்புகின்றனர். அயோடின் சேர்க்கப்படாதவரை அவ்வுப்புகளால் இக்குறை நீங்காது. அயோடின் உப்பையும் ஈரம் படாமல் மூடிவைத்தலும், கொதிக்கும் குழம்பில் தொடக்கத்திலேயே இடாமல் இறக்கும் நேரத்தில் சேர்த்தலும் நலம்.

குன்னூரில் ஓர் அறை

கில்கிட் ஆய்வுகளுக்காக 1911ஆம் ஆண்டு கெய்சர்-இ-ஹிந்து தங்கப்பதக்கம் மெக்காரிசனுக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டே அவர் திருமணமும் நடந்தது. இலண்டன் மருத்துவர் கழகத்தில் 1913இல் கழலை நோய் பற்றிச் சொற்பொழிவாற்றும் பெருமையும் அவரைத் தேடிவந்தது. பின்னர் உலகப்போர் மூண்டது, ஆய்வு நின்றது. போர்க்காலப் பணி அவர் உடல்நலத்தைக் குலைத்தது.

அவர் போரில் ஈடுபட்டிருந்த அவ்வேளையில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரப் பள்ளி மாணவியரிடையே டேவிட் மரீன், கிம்பால் ஆகிய இருவரும் 1917இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஆண்டுக்கு இருமுறை சிறிதளவு அயோடின் பெற்ற 2190 மாணவியருள் ஐவருக்கே கழலை தோன்றியது. பெறாத 2305 மாணவியருள் 495 பேருக்குத் தோன்றியது. ஒரு நூற்றாண்டு ஐயம் இவ்வெண்களின்முன் நிற்க இயலவில்லை. 1922இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது.

1918ஆம் ஆண்டு மெக்காரிசன் நீலகிரிக்கு வந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் அறை. பெரிபெரி நோயை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. ஆலையில் தீட்டிய அரிசியையே பெரிதும் உண்ட மக்களிடையே கைகால் சோர்ந்து, இதயம் தளர்ந்து உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது அந்நோய். புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து, அவற்றின் உடலுறுப்பு ஒவ்வொன்றிலும் நேர்ந்த மாற்றங்களை அவர் பதிவு செய்தார். உண்டு வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்கும் என்பதை அவ்வாய்வுகள் காட்டின. 1921இல் அவை நூலாக வெளிவந்தன.

இடையே நோயுற்று இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் ஆய்வைத் தொடர்ந்தார். திரும்பி வந்தபின் அரசு சிக்கன நடவடிக்கை என்னும் பெயரால் 1923இல் அவருடைய ஆய்வையே மூடிவிட்டது. ஊட்டக்குறைவை ஆராயும் பணிக்கு ஊட்டம் நிறுத்தப்பட்டது. அவர் விடாது வாதாடினார். ஈராண்டுக்குப் பின் ஆய்வகம் மீண்டும் திறக்கப்பட்டது. 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகம் என்னும் முழுமை பெற்ற நிறுவனமாயிற்று. அதன் முதல் இயக்குநர் மெக்காரிசனே.

குன்னூரில் அவர் நடத்திய எலி ஆய்வு உலகப் புகழ் பெற்றது. இந்தியாவின் பல பகுதி மக்களுடைய அன்றாட உணவை அப்படியே சமைத்து எலிகளுக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய பஞ்சாப்பின் சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடையுடன் செழித்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை 155 கிராமோடு நின்றன. நமக்கு இது சற்றுக் கசப்பான செய்தியே. ஆனால் அவர் குறை கூறியது அரிசியை விடவும், அதனைத் தீட்டி வெளுப்பாக்கிய முறையையும், அதனோடு பாலும் கீரையும் பருப்பும் சேராத வறுமையையுமே ஆகும். இச்செய்திகளை எளிய நடையில் எழுதி 1928இல் அவர் வெளியிட்ட உணவு பற்றிய சிறுநூல் இந்தியப் பள்ளிகளிலும் பயன்பட்டது.

கழலை அவரை விட்டு நீங்கவில்லை. குன்னூரிலும் அதனை ஆராய்ந்தார். முட்டைக்கோசை மட்டும் தொடர்ந்து தின்ற முயல்களுக்குத் தைராய்டு வீங்குவதை 1928இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தற்செயலாகக் கண்டிருந்தனர். மெக்காரிசன் அதனை நீலகிரி முட்டைக்கோசைக் கொண்டு ஆராய்ந்தார். நிலக்கடலையிலும் சோயா மொச்சையிலும் அத்தன்மை ஓரளவு உண்டு எனக் கண்டார். இவ்வுணவுகளில் உள்ள சில பொருள்கள் சுரப்பி அயோடினைப் பயன்கொள்வதைத் தடுக்கின்றன. அயோடின் போதிய அளவு கிடைப்போர்க்கு இவற்றால் தீங்கில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்; இல்லையேல் பாடம் படித்த மறுநாள் முட்டைக்கோசுப் பொரியலை ஒதுக்குவோர் தோன்றிவிடுவர்!

தம் இளமைக்கால முடிவை அவர் என்ன செய்தார் என்னும் வினா எழுவது இயல்பு. அதனை ஒரே நாளில் கைவிட்டுவிடவில்லை. ஆனால் கிருமியே காரணம் என்னும் இடத்திலிருந்து அவர் நெடுந்தொலைவு நகர்ந்தார். 1932இல் கழலை பற்றி மற்றோர் அறிஞருடன் இணைந்து வெளியிட்ட பேராய்வில் அயோடின், உணவின் பிற கூறுகள், நீரின் தூய்மை, வாழிடச் சூழல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கினார். இருபதுகளின் அகவையில் ஒரே காரணத்தைத் தேடியவர், ஐம்பதைக் கடந்தபோது பல காரணங்கள் பின்னிக் கிடப்பதைக் கண்டார். தாம் குடித்த வண்டலையும், தாம் எழுதிய கட்டுரைகளையும் மறுபார்வைக்கு உட்படுத்தும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

மலைக்குத் திரும்பிய மாணவர்

1933இல் மெக்காரிசனுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935இல் ஆய்வகப் பொறுப்பை ஐக்கிராய்டிடம் ஒப்படைத்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டு ஊட்டமும் நாட்டு நலமும் பற்றி இலண்டனில் தொடர் சொற்பொழிவாற்றினார். ஆக்ஸ்போர்டில் குடியேறி, 1945 முதல் பத்தாண்டுகள் அங்குப் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வியின் இயக்குநராக விளங்கினார்.

அவர் நீங்கியபின்னும் குன்னூர் ஆய்வகம் ஓயவில்லை. ஆந்திரத்தில் பிறந்த வுலிமிரி இராமலிங்கசுவாமி என்னும் இளம் நோய்க்குறியியல் மருத்துவர் விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்குப் பணியாற்றினார். பின்னர் அவர் வடக்கே சென்று, இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கின் கழலையை ஆராயப் புகுந்தார். மெக்காரிசனைப் போல அவரும் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஆனால் கையில் எடுத்தது உப்பு. 1956இல் அப்பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுள் இரு பகுதியினர்க்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதியினர்க்கு வழக்கமான உப்பும் வழங்கப்பட்டன. ஆறே ஆண்டுகளில் அயோடின் உப்புப் பெற்ற பகுதிகளில் கழலை பாதியளவாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்தது, மற்றொன்றில் குறையவில்லை. 1962இல் நடுவணரசு தேசிய முன்கழுத்துக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1992இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் எனப் பெயர் மாறியது. கழலை மட்டுமன்றிக் கருச்சிதைவு, குழந்தையின் செவித்திறன் குறை, அறிவு வளர்ச்சிக் குறை ஆகியனவும் ஒரே வேரின் கிளைகள் என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது.

1958இல் குன்னூர் ஆய்வகம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது; 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. குன்னூரின் அந்த ஓர் அறையே அதன் தொடக்கம். காங்ராவில் உப்பு மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், 1960ஆம் ஆண்டு மேத்திங்கள் 18ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் அகவையில் இராபர்ட் மெக்காரிசன் ஆக்ஸ்போர்டில் காலமானார்.